துணிக்கூரை வண்டியும் ரெண்டாவது சாவியும்: கேள்வி-பதில்

கேள்வி: சாஃப்ட் டாப் (துணிக்கூரை) மஹிந்திரா தார் ஜீப் வெச்சிருக்கேன். பீச்ல டாப்பை மடக்கிவிட்டபடியே நிறுத்திட்டு வாக்கிங் போலாமா? (சென்னை)

பதில்: கூடாது.

கேள்வி: ராத்திரி தெருவுல நின்ன வண்டியோட டாப்பைக் கிழிச்சு லேப்டாப்பை எடுத்துட்டாங்க. இன்சூரன்ஸ்ல லேப்டாப்புக்கு ஒண்ணுமில்லயாம், டாப்புக்கும் பாதிதானாம். (கோவை)

பதில்: சாதாரண வண்டி பாலிசி வண்டிக்குத்தான், உள்ள கிடக்குற பொருளுக்குத் தனி ஆட்-ஆன் (கூடுதலா காசு கட்டி சேர்க்குற கவர்) வேணும். ரப்பர், நைலான், பிளாஸ்டிக் சாமானுக்கு 50% தேய்மானம் கழிப்பாங்க, டாப்பை அந்தக் கணக்குல சேர்த்திருக்காங்க, தேய்மானம் கழிக்காத ஜீரோ டெப் ஆட்-ஆன் எடுத்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது. ஆனா துணிக்குக் கீழ ராத்திரி முழுக்க லேப்டாப்பை ஏங்க விட்டு வெச்சீங்க? டாப்பைக் கிழிக்கக்கூடாதுன்னு கதவைப் பூட்டாம விடுறவங்களும் உண்டு, நீங்க அதைச் செய்யாதீங்க, வண்டியே போச்சுன்னா பத்திரமா வைக்கலன்னு கிளெய்ம்ல கைவைப்பாங்க.

கேள்வி: செகண்ட் ஹேண்ட்ல ஓப்பன் ஜீப் ஒண்ணு விலை கம்மியா வருது. சாவி ஒண்ணுதான் இருக்காம். வாங்கலாமா? (திருச்சி)

பதில்: ரெண்டு சாவியும் கைக்கு வராம அட்வான்ஸ்கூட குடுக்காதீங்க. இதை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு ஆத்திரம் அடங்காது. சாஃப்ட் டாப் மாருதி ஜிப்சி ஒண்ணு நானும் இப்படித்தான் வாங்கினேன், "இன்னொரு சாவி ஊர்ல இருக்கு சார், அனுப்பிடுறேன்"னு புரோக்கர் சொன்னாரு, நானும் சரின்னு விட்டேன், எட்டு மாசத்துல ஒரு கல்யாண மண்டப வாசல்ல இருந்து வண்டியைக் காணோம். இன்சூரன்ஸ் கம்பெனியில இருந்து விசாரிக்க வந்தவர் முன்னாடி சிவப்புக் கயிறு கட்டின அந்த ஒத்தைச் சாவியை மேஜையில வெச்சேன். அவர் அதைத் தொடக்கூட இல்ல, "இன்னொண்ணு எங்க?"ன்னார். திருட்டு கிளெய்ம்ல கம்பெனி முதல்ல கேக்குறது ரெண்டு சாவியைத்தான், ஒண்ணு இல்லன்னா சாவியை வண்டியிலயே விட்டுட்டீங்கன்னு சந்தேகப்படும். ஒரு வருஷத்துக்கு மேல இழுத்து, கடைசியில பணத்தைக் குறைச்சுத்தான் குடுத்தாங்க. இன்னொண்ணு, சேசிஸ் நம்பரை ஆர்சியோட நீங்களே ஒத்துப்பாருங்க. திருட்டு வண்டி லிஸ்ட்ல இருக்கான்னு என்சிஆர்பியோட (தேசியக் குற்றப் பதிவு அமைப்பு) வாகன் சமன்வய்ங்கிற ஆன்லைன் சேவையிலயும் பாத்துடுங்க.

கேள்வி: வாங்கி ரெண்டு மாசம். ஆர்சி என் பேர்ல, பாலிசி பழைய ஓனர் பேர்ல. "தானா மாறிடும்"னார் புரோக்கர். வண்டி திருடு போச்சு, கம்பெனி கைவிரிக்குது. (மதுரை)

பதில்: படிக்கவே வயிறு எரியுதுங்க. தானா மாறுறது தேர்ட் பார்ட்டி (அடுத்தவங்களுக்கு ஆகுற சேதத்துக்கான கவர்) மட்டும், உங்க வண்டிக்கான, திருட்டும் சேர்ந்த ஓன் டேமேஜ் கவரை மாத்த 14 நாளுக்குள்ள நீங்க எழுதிக் குடுத்திருக்கணும். கம்பெனிகிட்ட ஜெயிக்கிறது கஷ்டம், பொய் சொல்ல மாட்டேன். ஆனா பேப்பர் வேலைக்குன்னு புரோக்கர் காசு வாங்கியிருந்தா அவரை விடாதீங்க, வாட்ஸ்அப் மெசேஜ், ஜிபே ரசீது எதையும் அழிக்காம தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணிட்டு நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்க.

கேள்வி: மூணு வருஷம் ஆகப்போற கன்வெர்டிபிள் திருடு போச்சு, வாங்கின விலை கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. தேய்மானம் 30% கழிச்ச ஐடிவிதான் (பாலிசியில போட்டிருக்குற வண்டி மதிப்பு). முழு விலைக்கு ரிட்டர்ன் டு இன்வாய்ஸ்ங்கிற ஆட்-ஆன் எடுத்திருக்கணும்.

கேள்வி: அன்னைக்கே எஃப்ஐஆர் போட்டேன், கம்பெனிக்கு லேட்டா சொன்னேன்னு கிளெய்மை நிராகரிச்சுட்டாங்க. (சேலம்)

பதில்: உடனே போலீஸ்ல சொல்லியிருந்தா அந்த லேட்டை மட்டும் காரணமாக் காட்டி மறுக்கக்கூடாதுன்னு உச்ச நீதிமன்றம் 2020லயே சொல்லிடுச்சு. அதைக் குறிப்பிட்டு கம்பெனியோட குறைதீர் பிரிவுக்கு எழுதுங்க, 30 நாள்ல சரியான பதில் வரலன்னா சென்னை இன்சூரன்ஸ் ஒம்பட்ஸ்மேன்கிட்ட (இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கிற குறைதீர்ப்பாளர்) போங்க, ஃபீஸ் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.