ஏப்ரலில் மிலான்: அந்த ஒரு வாரம்தான் சிக்கல்

ஏப்ரலில் மிலானில் மூன்று வார டிசைன் படிப்பு, அதில் நடுவில் ஒரு வாரத்துக்கு மட்டும் அறை வாடகை தாறுமாறாக ஏறியிருக்கிறது, ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். அறை பதிவு செய்யும் இணையதளத்தில் கோளாறு எதுவும் இல்லை. அது சலோனே தெல் மோபிலே நடக்கும் வாரமாக இருக்கும். 1961-இல் தொடங்கிய மரச்சாமான் கண்காட்சி. அந்த நாட்களில் உலகமே அங்கே வந்து இறங்கும்.

அந்த வாரத்துக்கு மட்டும் மோன்சாவிலோ பாவியாவிலோ அறை பாருங்கள். இரண்டும் ரயிலில் அரை மணிக்குள். பெர்கமோ அழகான ஊர்தான், ஆனால் ஒரு வழிக்கே கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் பிடிக்கும். காலை வகுப்பென்றால் வேண்டாம்.

கண்காட்சி நடக்கும் ரோ ஃபியெரா நகர எல்லைக்கு வெளியே இருக்கிறது. சாதாரண மெட்ரோ டிக்கெட் அங்கே செல்லாது, எம்ஐ1 முதல் எம்ஐ4 வரையுள்ள கட்டண மண்டலங்களுக்கான டிக்கெட் வாங்க வேண்டும். இல்லையென்றால் வெளியேறும் கேட்டில் மாட்டிக்கொள்வீர்கள். அவ்வளவு தூரம் போக மனமில்லையா? மிலான் நகருக்குள்ளேயே பிரேரா, தோர்த்தோனா பகுதித் தெருக்களில் அதே வாரம் நடக்கும் டிசைன் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் இலவசம். எனக்கென்னவோ மாணவர்களுக்கு அதுதான் லாபம்.

அப்புறம், எங்காவது ஆர்கோ என்ற வளைந்த தரை விளக்கைப் பார்த்தால் அடியிலுள்ள பளிங்குக் கல்லைக் கவனியுங்கள். அந்த விளக்கு 1962-இல் இத்தாலிய வடிவமைப்பாளர்கள் கஸ்திலியோனி சகோதரர்கள் வடிவமைத்தது. கல்லின் நடுவே ஒரு துளை இருக்கும். அலங்காரத்துக்கு அல்ல, அதில் துடைப்பக் கட்டையைச் செருகி இரண்டு பேர் தூக்கி நகர்த்தலாம்!

விசாவுக்கு 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். தங்குமிட ஆதாரமும் கேட்பார்கள், அதனால் அறையை முதலில் முடித்துவிடுங்கள்.