கல்யாணத்துக்கு முன் லேசர் வேண்டுமா?

கேள்வி: வயது 52. கண்ணோரம் சுருக்கம், கன்னமும் தொங்குகிறது. ஆறு வாரத்தில் மகள் கல்யாணம். லேசர் செய்துகொள்ளலாமா டாக்டர்?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: கல்யாணம் முடியட்டும், அப்புறம் வாருங்கள். ஃப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் தோலில் நுண்ணிய புள்ளிகளாகச் சுடும்; அந்தக் காயம் ஆறும்போதுதான் புது கொலாஜன் (தோலை உறுதியாக வைக்கும் புரதம்) வளரும். முழுப் பலன் தெரிய 3 முதல் 6 மாதம் ஆகும். முதல் வாரம் முகம் சிவந்து வீங்கி, காபித்தூள் ஒட்டியதுபோல் பொருக்குத் தட்டும். நம் மாநிறத் தோலில் இன்னொரு வம்பு: சுட்ட இடம் கருத்து, மாதக்கணக்கில் நிற்கலாம். மண்டபத்தில் எத்தனை பேருக்குப் பதில் சொல்வீர்கள்?

சுருக்கம் நன்றாகவே குறையும். தொய்வு கொஞ்சம்தான் இறுகும். ஒரே சிட்டிங்கில் பத்து வயது குறைப்பதாகச் சொல்பவரிடம் பர்ஸைத் திறக்காதீர்கள். உதட்டில் அடிக்கடி கொப்புளம் வருமென்றால் முன்பே சொல்லுங்கள், லேசர் அதைக் கிளப்பிவிடும். இப்போதைக்கு தினமும் சன்ஸ்கிரீன் போடுங்கள்.