தும்மினால் கசிகிறதா? கேளுங்கள், சொல்கிறேன்

நான் பிசியோதெரபிஸ்ட். சிறுநீர் கசிகிற பெண்களுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் வேலை. ஆபரேஷன் பற்றிக் கேட்காதீர்கள், அது என் ஏரியா இல்லை.

கே: வயது 41, இரண்டும் சுகப்பிரசவம். தும்மினாலும் குடத்தைத் தூக்கினாலும் கசிகிறது. யூடியூப் பார்த்து ஒரு மாதமாகக் கெகல் (அடிப்பகுதித் தசையை இறுக்கும் பயிற்சி) செய்கிறேன், பலனே இல்லை அக்கா.

ப: ஒரு மாதம் போதாது, அது ஒன்று. இன்னொன்று, தப்பாகச் செய்கிறீர்களோ என்று சந்தேகம். கோபப்படாதீர்கள், இறுக்கச் சொன்னால் நிறையப் பேர் மலம் கழிக்கிற மாதிரி கீழே முக்குவார்கள். முக்கினால் இருப்பதும் தளரும். பஸ்ஸில் நாலு பேர் நடுவில் வாயு வராமல் அடக்குவோமே, அதே இழுப்பை முன்பக்கம் வரை கொண்டுவாருங்கள். வயிற்றில் ஒரு கை வையுங்கள், வயிறு உப்பினாலோ மூச்சு நின்றாலோ தப்பு. வேளைக்கு எட்டு முறை, நாளைக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். அப்புறம், குடத்தைத் தூக்குவதற்கு ஒரு நொடி முன்னால் இறுக்கிக்கொண்டு தூக்குங்கள், தும்மலுக்கும் அப்படியே. 1948-ல் இதைப் பற்றி எழுதிய அமெரிக்க டாக்டர் கெகலே, அழுத்தத்தை அளக்கும் கருவியை வைத்துத்தான் பெண்களைப் பழக்கினார். வீடியோ பார்த்து மட்டும் வராது, ஒரு தடவையாவது நேரில் காட்டிச் சரிபாருங்கள்.

கே: சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழகலாமா?

ப: கூடாது. எந்தத் தசை என்று தெரிந்துகொள்ள ஒரே ஒரு தடவை செய்யலாம். தினமும் செய்தால் சிறுநீர்ப் பை முழுதாகக் காலியாகாது.

கே: மாதவிடாய் நின்று நாலு வருடம். வறட்சி, எரிச்சல். பிறப்புறுப்பில் லேசர் செய்தால் எல்லாம் இளமையாகிவிடும் என்கிறார்களே?

ப: இளமை விற்கிறார்கள், ஜாக்கிரதை. தீக்காயம், தழும்பு, தீராத வலி வரலாம் என்று 2018 ஜூலையிலேயே அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்கு எச்சரிக்கை விட்டது. வறட்சிக்குக் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் இருக்கிறது, மகப்பேறு டாக்டரிடம் கேளுங்கள். மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதை முதலில் சொல்லுங்கள்.

கே: எனக்கு லேசரில்தான் குணமானது. செய்து பார்க்காமல் குறை சொல்லாதீர்கள் மேடம்.

ப: உங்களுக்கு நன்றாக இருந்தால் சந்தோஷம். ஆனால் ஆஸ்திரேலியாவில் ஒரு சாராருக்கு நிஜ லேசர், மற்றவர்களுக்கு லேசர் போலப் பாவனை என்று பிரித்து, யாருக்கு எது என்று அவர்களிடம் சொல்லாமல் பார்த்தார்கள். 2021-ல் முடிவு வந்தது. ஒரு வருடம் கழித்தும் இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை. சும்மா காட்டியவர்களிலும் சிலருக்குத் தேவலை ஆகியிருக்கிறது. பிறகு அந்தக் காசு எதற்கு?

கே: லேசர் பற்றித் தப்பாகச் சொல்கிறீர்கள்...

ப: மேலே படியுங்கள்.

கே: வாசலில் சாவி போடும்போதே முட்டிக்கொண்டு வருகிறது, உள்ளே போவதற்குள் நனைந்துவிடுகிறது.

ப: இது வேறு வகை, பையைப் பழக்க வேண்டும். இப்போது மணிக்கொரு தடவை போனால் ஒன்றேகால் மணியாக்குங்கள், பழகியதும் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள், ஆறு வாரமாவது ஆகும். முட்டினால் ஓடாதீர்கள், நின்று இறுக்குங்கள், அடங்கியதும் நடங்கள். காபி, டீயைக் குறையுங்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள், சிறுநீர் அடர்த்தியானால் பை இன்னும் எரிச்சலாகும்.

கே: கெகல் எத்தனை முறை?

ப: மேலே. முக்காதீர்கள்.

கே: மாமியாருக்கு 63 வயது, அடி (கர்ப்பப்பை) இறங்கியிருக்கிறது. ஆபரேஷனுக்கு பயப்படுகிறார்.

ப: பெசரி கேளுங்கள். சிலிக்கான் வளையம், உள்ளே வைத்தால் தாங்கிக்கொள்ளும். அளவு பார்த்து டாக்டர் வைப்பார், கழற்றிக் கழுவவும் கற்றுக்கொள்ளலாம்.

கே: சிறுநீரில் இரண்டு தடவை ரத்தம் வந்தது. வலி இல்லை. என்ன பயிற்சி செய்யலாம்?

ப: பயிற்சி எதுவும் வேண்டாம். வலி இல்லை என்று விடாதீர்கள், நாளைக்குக் காலையிலேயே டாக்டரிடம் போங்கள்.