வாசகர் கேள்விகள்: எழும்பூர் தனி, சென்ட்ரல் தனி ஏன்?

கேள்வி: சென்னையில் தென்மாவட்ட ரயில்கள் எழும்பூரிலிருந்தும் வடக்கு, மேற்குப் பக்கம் போகிறவை சென்ட்ரலிலிருந்தும் புறப்படுவது ஏன்? ஒரே நிலையமாகக் கட்டியிருக்கக் கூடாதா? (விழுப்புரம் வாசகர்)

பதில்: இரண்டையும் கட்டியது ஒரே கை இல்லை. சென்ட்ரல் (1873) மெட்ராஸ் ரயில்வே கம்பெனியுடையது. அது அகலப் பாதை. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1,676 மி.மீ. எழும்பூர் (1908) தென்னிந்திய ரயில்வே கம்பெனியுடையது. அது அப்போது மீட்டர் பாதை, 1,000 மி.மீ. ஒன்றின் வண்டி மற்றதில் ஓடாது. கும்பகோணத்திலிருந்து பம்பாய்க்குப் போகிற சரக்கை, பாதை மாறும் இடத்தில் மூட்டை மூட்டையாக இறக்கி வேறு வேகனில் ஏற்றியாக வேண்டும். மூட்டை கிழியும், மழையில் நனையும், எடை குறையும், நாள் கணக்கில் காத்தும் கிடக்கும்.

1951 ஏப்ரல் 14 அன்று தென்னிந்திய ரயில்வே, மெட்ராஸ் ரயில்வேயின் வாரிசான மெட்ராஸ் – தென் மராட்டா ரயில்வே, மைசூர் ரயில்வே மூன்றும் இணைந்து தெற்கு ரயில்வே ஆயின. நிர்வாகம் ஒன்றானாலும் பாதை ஒன்றாகவில்லை. கடற்கரை – தாம்பரம் இடையே மீட்டர் பாதை மின்சார ரயில் 2004 வரை ஓடியது.

கேள்வி: கம்பெனிகள் போட்ட பாதை அரசுக்கு எப்படி வந்தது? இன்று ரயில்வே பங்கை வாங்க முடியுமா? (கரூர் வாசகர்)

பதில்: இந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயின் போரிபந்தரிலிருந்து தாணேவுக்கு 34 கி.மீ. ஓடியது. தெற்கில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு. இவற்றுக்கான மூலதனம் லண்டனில் திரட்டப்பட்டது. கம்பெனிகளுக்கு நிலம் இலவசம், அதோடு, போட்ட பணத்துக்கு 5 சதவீத வட்டி உறுதி. ரயில் வருமானம் அந்த 5 சதவீதத்தைத் தொடாவிட்டால் மீதியை இந்திய அரசு கஜானா கட்டும். அதாவது, இங்கே வரி கட்டியவர்கள். செலவு கூடினாலும் வட்டி குறையாது என்றிருந்ததால் சிக்கனம் யாருக்கும் தேவைப்படவில்லை. மைலுக்கு 8,000 பவுண்டு என்று போட்ட கணக்கு இரு மடங்கையும் தாண்டியது.

மீட்டர் பாதை பிறந்ததும் இந்தச் சுமையால்தான். செலவைக் குறைக்க 1870-இல் வைஸ்ராய் மேயோ பிரபுவின் அரசு அதைத் தேர்ந்தெடுத்தது. இதில் மனதை வருத்தும் ஒரு செய்தி உண்டு: நாகப்பட்டினம் – திருச்சி பாதை 1861–62-இல் அகலப் பாதையாகவே திறக்கப்பட்டது. 1870-களில் அதைப் பிரித்து மீட்டர் பாதையாகக் குறுக்கினார்கள். டெல்டா மாவட்டங்களில் நம் காலத்தில் நடந்த அகலப்படுத்தும் வேலையில் ஒரு பகுதி, அன்றே இருந்ததைத் திரும்பப் போட்டதுதான்.

ரயில்வே நிர்வாகத்தை ஆராய அமைக்கப்பட்ட அக்வொர்த் குழு 1921-இல் அரசே நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. கிழக்கிந்திய ரயில்வே, ஜி.ஐ.பி. (கிரேட் இந்தியன் பெனின்சுலா) ரயில்வே இரண்டும் 1925-இலும், தெற்கின் இரு பெரிய கம்பெனிகள் 1944-இலும் அரசு நிர்வாகத்துக்கு வந்தன. இந்திய ரயில்வே இன்று கம்பெனி அல்ல, அமைச்சகத்தின் கீழுள்ள துறை. ஆகவே அதற்குப் பங்கு கிடையாது. சந்தையில் கிடைப்பவை அதன் கீழுள்ள நிறுவனங்களின் பங்குகள்: டிக்கெட், உணவு பார்க்கும் ஐ.ஆர்.சி.டி.சி., கடன் திரட்டிப் பெட்டிகளும் எஞ்சின்களும் வாங்கி ரயில்வேக்குக் குத்தகைக்கு விடும் ஐ.ஆர்.எஃப்.சி. போன்றவை.

கேள்வி: ஒரு தண்டவாளத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்க ஏன் இத்தனை ஆண்டு? மதுரை – போடி ரயில், மீட்டர் பாதையை அகலப்படுத்தும் வேலைக்காக 2010 இறுதியில் நின்றது. தேனிக்கு 2022-இலும் போடிக்கு 2023-இலும்தான் வந்தது. (தேனி வாசகர்)

பதில்: தள்ளி வைக்க இடமே கிடையாது. தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டைதான் ஸ்லீப்பர். மீட்டர் பாதையின் மர ஸ்லீப்பர் 1.8 மீட்டர், அகலப் பாதையின் கான்கிரீட் ஸ்லீப்பர் 2.75 மீட்டர், எடை கால் டன்னுக்கு மேல். அதில் தண்டவாளத்தைப் பிடிக்கும் இரும்பு வார்க்கும்போதே பதிக்கப்படுகிறது. பிறகு நகர்த்த முடியாது. பிரதானப் பாதையில் கிலோமீட்டருக்கு 1,660 ஸ்லீப்பர் வேண்டும். ஸ்லீப்பர் நீண்டால் ஜல்லியும் அடியிலுள்ள மண்கரையும் அகல வேண்டும். சிறு பாலங்கள்கூடத் தப்பாது, ஏனென்றால் அகலப் பாதை சரக்கு வேகனின் ஓர் அச்சு மட்டுமே 20 டன்னுக்கு மேல் பளு தரும். வளைவு இன்னும் கடினம்: மீட்டர் பாதை 109 மீட்டர் ஆரம் வரை வளையலாம், அகலப் பாதைக்குக் குறைந்தது 175 மீட்டர். கூர்மையான வளைவு வந்தால் பாதையையே விலக்கிப் போட வேண்டும். அதற்கு நிலம் எடுக்க வேண்டும். வேலை மாதக்கணக்கில் தேங்குவது பெரும்பாலும் இங்கேதான்.

கேள்வி: ஊட்டி ரயிலையும் அகலப்படுத்துவார்களா? (மேட்டுப்பாளையம் வாசகர்)

பதில்: மாட்டார்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே 12 அடி நடந்தால் 1 அடி ஏறும் சரிவு. வெறும் சக்கரப் பிடிப்பு அங்கே போதாது. அதனால் நடுவில் இரண்டு பல்சட்டங்கள் பதித்திருக்கிறார்கள். ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வரும். எஞ்சினின் பற்சக்கரம் எப்போதும் ஏதாவது ஒன்றைக் கவ்வியே இருக்கும். 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பாதை அது. மீட்டர் பாதையாகவே நீடிக்கும்.