கழிவறைக்குப் போன கணக்கு சான்றாகுமா?

கேள்வி: நான் பாம்பனில் விசைப்படகுகளின் டீசல் இன்ஜின்களைப் பழுதுபார்ப்பவன். ராமநாதபுரத்தில் நடந்த சதுரங்கப் போட்டியில், பதின்மூன்று வயதான என் மகள் தன்னைவிட ரேட்டிங் குறைந்த ஒரு சிறுவனிடம் தோற்றாள். ஆட்டத்தின் நடுவே அவன் நான்கு முறை கழிவறைக்குப் போனான். அவன் தகப்பனார் வராந்தாவில் செல்போனும் கையுமாக நின்றார். அன்றிரவே பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், "சிலர் கழிவறையில் விளையாடி ஜெயிக்கிறார்கள்" என்று எழுதிவிட்டேன். தங்கச்சிமடத்துக்காரரான அவருடைய படகு என் பட்டறைக்கு வருவதுதான். இப்போது பேச்சு நின்றுவிட்டது. கார் பந்தயத்தில் கொடுப்பதுபோல நானும் எதிர்ப்பு மனு கொடுக்கலாமா? அல்லது சதுரங்க வீரர் மேக்னஸ் கார்ல்சனைப்போல மகளை அடுத்த போட்டியிலிருந்து விலக்கிக்கொள்ளட்டுமா?

பதில்: அன்புள்ள சகோதரருக்கு, அந்தச் சிறுவன் ஏமாற்றினானா என்பது எனக்குத் தெரியாது, உங்களுக்கும் தெரியாது என்பதிலிருந்துதான் நாம் தொடங்க வேண்டும்.

கழிவறைக்குப் போன தடவைகளை எண்ணுவது உலகப் பட்டப் போட்டியிலேயே நடந்திருக்கிறது. 2006இல் ரஷ்யாவின் எலிஸ்டா நகரில் கிராம்னிக்கும் டோபலோவும் பட்டத்துக்காக மோதியபோது, கிராம்னிக் அளவுக்கு மீறிக் கழிவறைக்குப் போகிறார் என்று டோபலோவ் தரப்பு புகார் செய்ய, போட்டியின் மேல்முறையீட்டுக் குழு ஆட்டக்காரர்களின் தனிக் கழிவறைகளை மூடிவிட்டது. அதை எதிர்த்து ஆட மறுத்த கிராம்னிக் ஐந்தாவது ஆட்டத்தை ஆடாமலே இழந்தார். மோசடி எதுவும் நிரூபிக்கப்படவில்லை. இறுதியில் பட்டத்தையும் அவரே வென்றார். இதற்கு நேர்மாறாக, 2019இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் இகோர்ஸ் ரவுசிஸ் என்ற கிராண்ட்மாஸ்டர் கழிவறையில் செல்போனோடு பிடிபட்டு, பட்டத்தை இழந்து, ஆறாண்டுத் தடையும் பெற்றார். அவர்மீது ஏற்கெனவே பலருக்குச் சந்தேகம் இருந்தது என்றாலும், தண்டனைக்கு ஆதாரமானது கையும் களவுமாகச் சிக்கிய அந்தச் செல்போன்தான்.

பந்தயத்தை நீங்கள் உதாரணம் காட்டியது பொருத்தமே, ஆனால் அந்த முறையை முழுதாகப் பாருங்கள். ஃபார்முலா ஒன்னில் எதிர்ப்பு மனுவை எழுத்தில், கட்டணத்தோடு, தற்காலிக முடிவு வெளியான அரை மணி நேரத்துக்குள் நடுவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். மனு ஏற்கப்படாவிட்டால் கட்டணம் பறிபோகலாம் என்பதால், புகார் சொல்பவரும் யோசித்துத்தான் சொல்வார். யாரும் புகார் சொல்லாமலே கார்களைச் சோதிக்கும் வழக்கமும் அங்கே உண்டு. 2024இல் பெல்ஜியத்தில் முதலில் வந்த ஜார்ஜ் ரஸலின் கார், எரிபொருளை வடித்தெடுத்த பிறகு, குறைந்தபட்ச எடையான 798 கிலோவுக்கு ஒன்றரைக் கிலோ குறைவாக இருந்ததால் அவர் வெற்றியை இழந்தார். தராசு சொன்ன பிறகு அங்கே வாக்குவாதத்துக்கு இடமில்லை. சதுரங்கத்துக்கு அப்படியொரு தராசு இல்லை. நகர்த்தல்களைக் கணினியோடு ஒப்பிடும் புள்ளியியல் முறை உண்டு. ஆனால் ஒரே ஓர் ஆட்டத்தை வைத்து, அதிலும் வேகமாக முன்னேறும் வயதுப் பிள்ளைகளின் ஆட்டத்தை வைத்து, அதனால் உறுதியாக எதுவும் சொல்லிவிட முடியாது. இன்றிரவு நீங்களே கணினியில் போட்டுப் பார்த்துத் தீர்ப்பெழுத உட்காராதீர்கள்.

கார்ல்சன் 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஹான்ஸ் நீமன் என்ற இளம் கிராண்ட்மாஸ்டரிடம் தோற்று, மறுநாளே போட்டியைவிட்டு விலகினார். நீமன் சிறு வயதில் இணைய ஆட்டங்களில் ஏமாற்றியதை ஒப்புக்கொண்டவர்தான் என்றாலும், நேருக்கு நேர் ஆடிய அந்த ஆட்டத்தில் அவர் ஏமாற்றியதாக நிரூபிக்கப்படவில்லை. நூறு மில்லியன் டாலர் கேட்டு நீமன் போட்ட வழக்கு, தள்ளுபடி, சமரசம் என்று விவகாரம் ஓராண்டு ஓடியது. மற்றக் குற்றச்சாட்டுகளிலிருந்து கார்ல்சனை விடுவித்த உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடே, தக்க காரணமின்றி விலகியதற்காக அவருக்குப் பத்தாயிரம் யூரோ அபராதம் விதித்தது. உலகின் முதல்நிலை வீரர் அந்த இழப்பைத் தாங்கிக்கொள்வார். உங்கள் மகளுக்கு ஒரு போட்டி போனால் போனதுதான், அவளை விலக்காதீர்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. தன்னுடைய முறை நடக்கும்போது நடுவரின் அனுமதியின்றி ஆட்டக்காரர் ஆடுமிடத்தைவிட்டுப் போகக் கூடாது என்பதும், ஆடுமிடத்தையொட்டி நடுவர் வரையறுக்கும் பகுதியில் பெற்றோர் உட்பட யாரும் அனுமதியின்றிச் செல்போனைப் பயன்படுத்தக் கூடாது என்பதும் ஃபிடே விதிகள். இவை அங்கே கடைப்பிடிக்கப்பட்டனவா என்று கேட்கும் உரிமை உங்களுக்கு முழுமையாக உண்டு. அதற்கு அந்தச் சிறுவனைக் குற்றவாளியாக்க வேண்டியதும் இல்லை. 2021இல் அபுதாபி ஃபார்முலா ஒன் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் ஹாமில்டன் வெர்ஸ்டாப்பனிடம் உலகப் பட்டத்தை இழந்தபோது, ஹாமில்டனின் மெர்சிடிஸ் அணியின் பெருங்குறை, விபத்து நேரத்தில் கார்களை மெதுவாக்க முன்னே ஓடும் பாதுகாப்புக் காரைப் பந்தய இயக்குநர் கையாண்ட விதத்தைப் பற்றியதே. வெர்ஸ்டாப்பன் ஏமாற்றினார் என்று அவர்கள் சொல்லவில்லை. மனு தள்ளுபடியானது, முடிவும் மாறவில்லை. ஆயினும் அந்த இயக்குநர் பிறகு அப்பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார்.

ஆகவே, போட்டியின் தலைமை நடுவருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எந்த நேரத்தில், யாருடைய முறையில் அவன் எழுந்து போனான் என்பதில் உங்கள் மகளுக்கு நிச்சயமாக நினைவிருப்பதை மட்டும் குறித்து, அடுத்த போட்டியில் செல்போன்களை வாசலிலேயே வாங்கி வைக்க ஏற்பாடு செய்யும்படி கேளுங்கள். தோல்வியை மாற்றச் சொல்லாதீர்கள். "ஏமாற்று" என்ற சொல்லும் கடிதத்தில் வேண்டாம், ஏனென்றால் அடிப்படையற்ற மோசடிப் புகாருக்கு ஃபிடே விதிகளில் புகார் சொன்னவர்மீதே நடவடிக்கை உண்டு.

வாட்ஸ்அப்பில் எழுதியதை இன்றே நீக்கிவிட்டு, அதே குழுவில், ஆதாரமில்லாமல் எழுதியது தவறு என்று இரண்டு வரி போடுங்கள். பிறகு தங்கச்சிமடத்துக்கு நீங்களே போய்ப் பேசுங்கள். படகு பட்டறைக்கு வரும்வரை காத்திருந்தால், அது வேறு பட்டறைக்குப் போய்விடக்கூடும். அவர் மகனிடமும் அவன் காதுபடச் சொல்லுங்கள், அவனும் அந்த வரியைப் படித்திருப்பான். நடுவருக்கு எழுதப்போகும் கடிதத்தை அவரிடம் காட்டி, அவரும் கையெழுத்திடுவாரா என்று கேட்டுப் பாருங்கள்.