பல ஆண்டுகள் ஜெபித்தும் நிலைமை மாறாதபோது, தாக்குப்பிடிக்கும் பலம் எங்கிருந்து வருகிறது?

கேள்வியைச் சுருக்கித் தருகிறேன்: "அம்மாவின் தீராத நோய், அதனால் ஏறிய கடன் என்று பல ஆண்டுகளாகப் போராடுகிறோம். ஜெபித்தும் எதுவும் மாறவில்லை. கிறிஸ்தவ விசுவாசம் பலம் தரும் என்கிறார்களே, அது எப்படி வருகிறது? அல்லது என் விசுவாசத்தில்தான் குறையா?"

கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். உங்கள் விசுவாசத்தில் குறை என்று யார் சொல்லியிருந்தாலும், அவரிடம் தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட இரண்டாம் நிருபத்தின் கடைசி அதிகாரத்தைத் திறந்து காட்டுங்கள். "துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன்" என்று பவுல் போகிற போக்கில் எழுதுகிறார். எந்தப் பவுல்? அவர் உடம்பில் பட்ட உறுமாலைக் கொண்டுபோய்ப் போட்டாலே எபேசுவில் நோய் நீங்கியது என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறதே, அதே பவுல். தம்மோடு ஊர் ஊராக நடந்த ஆளை நோயோடு விட்டுவிட்டு வந்திருக்கிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கும் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள் என்று கைவைத்தியம்தான் சொன்னார். தம் மாம்சத்தில் ஒரு முள் என்று அவரே சொன்ன உபாதைக்காக மூன்று தரம் மன்றாடினார், அது போகவில்லை.

இனி என் நிலைமை. நாங்கள் பாளையங்கோட்டையில் இருக்கிறோம். என் கணவருக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்து சில ஆண்டுகள் ஆகின்றன. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ், அதாவது ரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்திகரித்துத் திரும்ப உள்ளே விடுவது, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். அனுபவிக்காதவர்களுக்கு இது ஏதோ ரத்தம் ஏற்றுவதுபோலத் தோன்றும். அதற்கு ஊசி குத்த வசதியாக, முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா என்று ஓர் இணைப்பு போட்டிருப்பார்கள். அதன்மேல் விரலை வைத்தால் உள்ளே வண்டு ரீங்கரிப்பதுபோல ஓர் அதிர்வு தெரியும். அந்த அதிர்வு நின்றுவிட்டால் ஃபிஸ்டுலா அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். ஆகவே காலையில் கண் விழித்ததும் நான் செய்யும் முதல் வேலை அவர் கையைத் தொட்டுப் பார்ப்பது. ஜெபம் அதற்குப் பிறகுதான். அல்லது அதுவே ஜெபமாக இருக்கலாம், நான் ஆராயவில்லை.

எங்கள் சபைகளில் சாட்சி சொல்லும் வழக்கம் உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். "பத்து வருஷம் பிள்ளை இல்லாமல் இருந்தோம், கர்த்தர் கொடுத்தார்." "டாக்டர்கள் கைவிட்டார்கள், கர்த்தர் எழுப்பினார்." எல்லாமே முடிந்த கதைகள். யாரும் எழுந்து, "இன்னும் ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் வந்திருக்கிறேன்" என்று சொல்லி நான் கேட்டதில்லை. நடுவழியில் நிற்பவர்களுக்குச் சபையில் ஒலிபெருக்கி கிடைப்பதில்லை. புத்தாண்டு ஆராதனையில் ஆளுக்கொன்றாகத் தட்டிலிருந்து எடுக்கும், வேதவசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டைகளும் அப்படித்தான். அந்தத் தட்டில் 88ஆம் சங்கீதம் இருந்து நான் பார்த்ததில்லை.

அந்தச் சங்கீதத்தை நீங்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும். மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் கடைசி வரிகளிலாவது நிமிர்ந்துவிடும். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று தொடங்கும் 13ஆம் சங்கீதம்கூடப் பாட்டோடு முடிகிறது. 88 அப்படி முடிவதில்லை. தெரிந்தவர்கள் எல்லாரும் கண்ணுக்கு மறைந்துபோனார்கள் என்று சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. நீண்ட நோய் கண்ட வீட்டார் எவருக்கும் இதற்கு விளக்கவுரை தேவையில்லை. முதல் மாதம் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டாம் ஆண்டு வருகிறார்கள்? அதை நான் குறையாகச் சொல்லவில்லை, அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது. ஆனால் இந்தப் புலம்பலை வேதத்திலிருந்து எவரும் வெட்டி எறியவில்லையே என்பதில் எனக்குப் பெரிய தைரியம் வந்தது. இதைச் சொன்னால் கடவுள் கோபித்துக்கொள்வார் என்று நான் விழுங்கி வைத்திருந்ததை எல்லாம் ஒருவன் ஏற்கெனவே அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறான். அதன்பிறகு என் ஜெபம் மாறியது. நீளம் குறைந்தது, சண்டை கூடியது. சண்டை போடுகிறவள் இன்னும் வீட்டைவிட்டுப் போகவில்லை என்றுதானே பொருள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதை வெளியே பேசத் தயங்குவார்கள். எங்கள் பெயர் சிறுநீரக தானத்துக்கான காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறது. அவருக்கு ஓ வகை ரத்தம். ஓ வகைக்காரரின் சிறுநீரகம் மற்ற வகையினருக்கும் பொருந்தும், ஆனால் ஓ வகைக்காரருக்கு ஓ மட்டும்தான் பொருந்தும். அதனால் காத்திருப்பு நீளம். சரி, என்ன என்று ஜெபிப்பது? "சீக்கிரம் ஒரு சிறுநீரகம் கிடைக்கட்டும்" என்றால், எங்கோ ஒரு வீட்டில் ஒரு பையன் பைக்கில் போய் மூளைச்சாவு அடையட்டும் என்றா அர்த்தம்? முதலில் வாய் கூசாமல்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரவு அந்தப் பையனின் அம்மா மனத்தில் வந்து நின்றாள். அதற்குமேல் அந்த ஜெபம் வாயில் வரவில்லை. இறந்தவரின் உறுப்பைத் தானமாகப் பெறுவது தவறு என்று சொல்ல வரவில்லை. கிடைத்தால் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொள்வோம். ஆனால் அந்த நாளை வரச்சொல்லி என்னால் கேட்க முடியவில்லை. இப்போது, அப்படி ஒரு துக்கம் எந்த வீட்டுக்கு வந்தாலும் அந்த வீட்டாருக்குத் தாங்கும் சக்தியைக் கொடும் என்று மட்டும் கேட்கிறேன்.

முடிவைக் கேட்க முடியாது என்று ஆனபிறகு, இன்றைக்கு உள்ளதைத்தான் கேட்க முடியும். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற வரியைச் சிறு வயது முதல் மூச்சுவிடாமல் ஒப்பித்திருக்கிறேன். அதில் "இன்று" என்ற எல்லை இருப்பதை இந்த நோய்தான் காட்டியது. வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கிடைத்த மன்னா என்ற உணவும் அப்படித்தான்: மறுநாளுக்கென்று எடுத்து வைத்தவர்களுடையது புழுத்து நாறியது. அப்படி அன்றன்றைக்கு அளந்து கொடுக்கப்பட்டதைத் தின்றே அவர்கள் 40 ஆண்டுகள் கழித்தார்கள். எனக்கும் அடுத்த வருஷத்துக்கான பலம் ஒரு நாளும் வந்ததில்லை. அடுத்த வருஷத்தை நினைத்தால் இப்போதும் கைகால் நடுங்குகிறது. வியாழக்கிழமைக்கான பலம் வியாழக்கிழமை வருகிறது. சில வியாழக்கிழமைகளில் மதியத்துக்கு மேல்தான் வருகிறது.

தாகத்தைப் பற்றிச் சொல்கிறேன். சிறுநீர் பிரியாதவர் குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கும். நுரையீரலில் கோத்துக்கொண்டால் மூச்சுத் திணறும். அதனால் நாளைக்கு இவ்வளவுதான் என்று தண்ணீரை அளந்து கொடுக்க வேண்டும். குழம்பு, காப்பி, மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, அவற்றில் பொட்டாசியம் அதிகம். காய்கறியைக்கூட நறுக்கி நிறைய தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் சமைக்கிறேன். திருநெல்வேலி வெயிலில் சித்திரை மாதம் ஒரு மனிதனுக்குத் தண்ணீர் இல்லை என்று சொல்வதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். சின்ன ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டு, அது கரைந்து முடியும்வரை கண்ணை மூடிக்கொண்டிருப்பார். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று குடித்துவிட்டு வருவேன்.

ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, மும்மணி ஆராதனைக்குப் போயிருந்தோம். பகல் பன்னிரண்டிலிருந்து மூன்று வரை, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளை ஒவ்வொன்றாகத் தியானிப்பார்கள். ஐந்தாவது, "தாகமாயிருக்கிறேன்". பிரசங்கம் செய்தவர் நல்ல மனிதர், நன்றாகவே பேசினார். இது ஆத்தும தாகம், மனிதர்களின் மீட்புக்கான தாகம் என்று விரித்துக்கொண்டே போனார். என் கணவர் என் பக்கம் குனிந்து, "தண்ணீர் தாகம்தான். எனக்குத் தெரியாதா?" என்றார். அவ்வளவு பேர் நடுவில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபிறகும் அதைப் பற்றியே பேசினோம். ரத்தம் போன உடம்பு, வெயில், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். 22ஆம் சங்கீதத்தில் அதுவும் எழுதியிருக்கிறது. நாங்கள் கும்பிடும் ஆண்டவர் தண்ணீருக்கு ஏங்கியவர். கிறிஸ்தவ விசுவாசத்திலிருந்து எனக்குக் கிடைத்த பலம் என்ன என்று ஒரே ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டச் சொன்னால் இதைத்தான் காட்டுவேன். என் கணவரின் தாகம் ஏன் என்று அவர் விளக்கம் சொல்லவில்லை. தாமும் பட்டிருக்கிறார். விளக்கம் கிடைத்திருந்தால் இரண்டு நாளில் அதோடு வாதாடத் தொடங்கியிருப்பேன்.

எங்கள் மாவட்டத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. டோனாவூரில் கோயில்களுக்கு விடப்படவிருந்த பெண் குழந்தைகளையும் ஆதரவற்ற பிள்ளைகளையும் எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல், 1931 அக்டோபரில் களக்காட்டில் ஒரு குழியில் விழுந்து காலை முறித்துக்கொண்டார். அப்போது அவருக்கு 63 வயது. அதன்பின் முழுக் குணம் வரவேயில்லை. 1951 ஜனவரியில் இறக்கும்வரை, ஏறத்தாழ இருபது ஆண்டுகள், பெரும்பாலும் தம் அறைக்குள்தான். ஜெபிக்க ஆளில்லாத இடமா அது? ஓர் ஊரே ஜெபித்திருக்கும். அவர் படுக்கையிலிருந்தபடி மற்ற நோயாளிகளுக்குக் கடிதம் எழுதினார். நலமாக நடமாடுகிறவர்கள் நோயாளிகளுக்காக எழுதும் ஆறுதல் பிரசுரங்கள் தம்மைத் தொடவில்லை என்று ஒளிக்காமல் சொன்னவர் அவர். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அந்த ஒரு காரணத்தால்தான்.

உங்களுக்கு இன்னொரு பகுதியும் உதவும்: முதலாம் இராஜாக்கள் 19. தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் படுத்துக்கொண்டு, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறான். தேவதூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை, விசுவாசக் குறைவு என்று கடிந்துகொள்ளவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்துவிட்டு, சாப்பிடு என்கிறான். எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்குகிறான். தூதன் இரண்டாம் தரம் வந்து, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்கிறான். நோயாளியைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இதை எழுதி அடுப்படியில் ஒட்டிக்கொள்ளலாம். நீங்கள் கடைசியாக எப்போது முழுதாகத் தூங்கினீர்கள்? பலம் வரவில்லை என்று நாம் ஆவிக்குரிய காரணம் தேடிக்கொண்டிருக்கும்போது, பல நாட்களில் காரணம் வெறும் தூக்கமின்மைதான்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. யாராவது உங்கள் அம்மாவிடம், சுகமாகிவிட்டது என்று விசுவாசித்து மருந்தை நிறுத்துங்கள் என்று சொன்னால், அந்த ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். டயாலிசிஸ் நோயாளி சிகிச்சையைத் தவறவிட்டால் பொட்டாசியம் ஏறி இதயமே நின்றுவிடக்கூடும். பவுலின் கூடவே ஒரு வைத்தியர் இருந்தார். "பிரியமான வைத்தியனாகிய லூக்கா" என்று நிருபத்தில் வாழ்த்துதலோடு அவர் பெயர் வருகிறது.

இந்தப் பலம் கிறிஸ்தவர்களுக்கு மட்டும்தான் கிடைக்கிறது என்றும் நான் சொல்ல மாட்டேன். எங்கள் வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பாய் எங்களைவிடத் திடமானவர். எதிர்க்கட்டில் அக்கா நெற்றி நிறையத் திருநீறோடு வந்து, ஊசி குத்தும்போது முருகா என்பார். இயந்திரத்தில் அலாரம் அடித்து ஒருவருக்கு ரத்த அழுத்தம் இறங்கும்போது எல்லாக் கட்டில்களிலிருந்தும் அவரவர் தெய்வத்தின் பெயர் வரும். எனக்குத் தெரிந்த வழியை நான் எழுதினேன், அவ்வளவுதான்.

கடன் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மருத்துவமனையில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கென்று ஒரு மேசை இருக்கும். அம்மாவின் சிகிச்சை அதில் வருமா என்று குடும்ப அட்டையோடு போய்க் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம். பிறகு சபையில். "ஜெபத்தில் நினைத்துக்கொள்கிறோம்" என்று சொல்கிறவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டு, சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் அம்மாவோடு வந்து உட்கார முடியுமா என்று கேளுங்கள். பாதிப் பேர் நழுவுவார்கள். நாங்கள் அப்படிக் கேட்டபோது ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை வந்தார், இன்றும் வருகிறார். அவர் வந்ததும் நான் செய்தித்தாளைக்கூட எடுப்பதில்லை, நேராகப் போய்ப் படுத்துவிடுவேன்.