வெள்ளி நிறத்தில் இருக்கும் 1943 ஒரு சதம்: அச்சுப் பிழையா, பிறகு பூசிய முலாமா?

நீங்கள் கேட்டது இதுதான்: அப்பம்மாவின் தகரப் பெட்டியில் 1943ஆம் ஆண்டு இலங்கை ஒரு சதம் ஒன்று வெள்ளி நிறத்தில் கிடைத்திருக்கிறது. செம்பு நிறத்தில் இருக்க வேண்டிய நாணயக் குற்றி தவறுதலாக வெள்ளியில் அடிபட்டதா, அல்லது யாரோ பிறகு பூசிவிட்டார்களா?

பெரும்பாலும் பிறகு பூசியதுதான். ஏமாற்றமாக இருக்கும், எனக்கும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் 15 வருடமாகப் பழைய காசு சேர்க்கிறேன். தொடங்கிய காலத்தில் இதேபோல ஒரு வெள்ளிச் சதத்தை நல்ல விலை கொடுத்து வாங்கி, கன்னாதிட்டியில் தெரிந்த, நகை செய்யும் பத்தர் ஒருவரிடம் ஓடினேன். உரைகல்லை எடுப்பார் என்று பார்த்தால், அவர் குற்றியை யன்னல் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, ராசாவின்ர முடியைப் பாரும். தேய்ஞ்சு வழுவழுவெண்டு போச்சு. தேய்ஞ்ச இடத்திலையும் மினுக்கம் அப்பிடியே கிடக்குது. அப்ப எது முதல் நடந்தது, எது பிறகு நடந்தது?"

அன்று முதல் எந்தக் காசைக் கையில் எடுத்தாலும் இந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன். புழக்கத்தில் இருக்கும் குற்றி மேடான இடங்களில்தான் முதலில் தேயும்: முடி, புருவம், கன்னம், விளிம்பு. தேய்ந்த இடம் மங்கி, பள்ளங்களில் அழுக்கு ஏறிக் கறுத்துப் போயிருக்கும். அப்படியில்லாமல் மேடும் பள்ளமும் ஒரே நிறத்தில் ஒரே பளபளப்போடு இருந்தால், தேய்ந்து முடிந்த பிறகுதான் அந்தத் தோல் மேலே ஏறியிருக்கிறது. மேட்டில் மட்டும் சிவப்பு எட்டிப்பார்த்தால், பூசிய பிறகும் கைமாறியிருக்கிறது என்று அர்த்தம். 1943 சதம் முலாமே இல்லாத வெண்கலக் குற்றி என்பதால், இரண்டில் எதுவானாலும் முடிவு ஒன்றுதான்.

அடுத்தது 10 மடங்கு பெருக்கும் கண்ணாடி. எழுத்தும் தளமும் சந்திக்கும் மூலையைப் பாருங்கள். அச்சு இறங்கும்போது உலோகம் விளிம்பை நோக்கி ஓடி, நுண்ணிய கோடுகளை விட்டுச்செல்லும். அதனால் புதுக் குற்றியில் எழுத்தின் ஓரம் கூர்மையாக நிற்கும், மெல்லச் சாய்த்தால் ஒளி ஒரு கதிர்போலச் சுழன்று வரும். முலாம் அந்த நுண்கோடுகளை மூடிவிடுவதால் ஒளி சுழலாது, முழுக் குற்றியும் சேர்ந்து மினுங்கும். எழுத்துகளின் ஓரம் நெய் உறைந்ததுபோல உருண்டிருக்கும். என் சதத்தில் ஒரு எழுத்தின் வளைவுக்குள் கடுகில் பாதியளவு கறுப்புப் புள்ளி இருந்தது. ஊசி முனையால் தொட்டேன், அசையவில்லை. அழுக்கு தோலுக்கு அடியில் இருந்தது! அதற்குப் பிறகு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

நிறை மிக முக்கியம். போர்க்காலத்து மெல்லிய வெண்கலச் சதம் 2.36 கிராம், அதற்கு முந்திய தடித்த செப்புச் சதம் அதன் இரட்டிப்பு, 4.72 கிராம். வெள்ளியின் அடர்த்தி வெண்கலத்தைவிடக் கூட. ஆகவே அதே அளவில் வெள்ளித் தகடு அடிபட்டிருந்தால் கிட்டத்தட்ட 2.8 கிராம் காட்ட வேண்டும். கஸ்தூரியார் வீதியில் ஏதாவது நகைக்கடையில் கேட்டால் ஒரு நிமிடத்தில் நிறுத்துத் தருவார்கள். 2.3 அளவில் நின்றால் வெள்ளிக் கதை முடிந்தது. நிறம் மாற்றும் மெல்லிய முலாமின் நிறை தராசில் தெரியவே தெரியாது. கடையில் உலோகம் பார்க்கும் இயந்திரத்தில் வைத்துவிட்டு "வெள்ளி இருக்குது" என்று சொன்னால் மயங்கிவிடாதீர்கள், அது மேற்பரப்பைத்தான் வாசிக்கும்.

1943 என்றதும் இணையக் காணொளிகளைப் பார்த்துவிட்டுக் காந்தத்தோடு வருகிறவர்கள் உண்டு. அந்த வருடம் உருக்கில் நாகம் (துத்தநாகம்) பூசிச் சதம் அடித்தது அமெரிக்கா. அதற்குச் செப்பு முலாம் பூசி, அரிதான 1943 செப்புச் சதம் என்று விற்பார்கள்; காந்தம் காட்டிக்கொடுக்கும். நம்முடைய வெண்கலச் சதம் பூசினாலும் பூசாவிட்டாலும் காந்தத்தில் ஒட்டாது. அதனால் ஒட்டவில்லை என்பதை வெள்ளிக்குச் சாட்சியாக எடுக்க வேண்டாம்.

யார் பூசியிருப்பார்கள்? நகைப்பட்டறை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். நாகத்தூளைச் சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் சூடாக்கிச் செப்புக் காசைப் போட்டால் வெள்ளி நிறமாகும். அதையே சுவாலையில் காட்டினால் நாகமும் செம்பும் கலந்து பித்தளையாகித் தங்க நிறம் வரும். பள்ளிக்கூட ஆய்வுகூடங்களில் செய்து காட்டும் பரிசோதனை இது. பாதரசம் தேய்த்தாலும் செம்பு வெளுக்கும். எல்லாம் ஏமாற்றச் செய்ததல்ல. ஆனால் செய்தவர் போன பிறகு, காசு மட்டும் கதையில்லாமல் பெட்டியில் கிடக்கிறது.

ஏமாற்றவே பூசியதும் உண்டு. 1887இல் விக்டோரியா மகாராணியின் பொன்விழாவுக்கு வந்த வெள்ளி ஆறு பென்சின் பின்பக்கம் அரைப் பவுண் தங்கக் காசைப்போலவே இருந்தது, பெறுமதியும் எழுதியிருக்கவில்லை. தங்க முலாம் பூசி அரைப் பவுணாகத் தள்ளினார்கள், அரசு அந்த வடிவத்தையே நிறுத்த வேண்டி வந்தது. அரைப் பவுண் 3.99 கிராம், ஆறு பென்ஸ் 2.83. தராசு இருந்தவன் தப்பினான்.

பவுண் காசு நம் வீடுகளில் இன்னும் இருப்பதால் ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். அம்மம்மாவின் பவுண் ஒன்று எங்களிடம் இருக்கிறது. தங்கம் அசல், முலாம் எதுவும் இல்லை. ஆனால் சங்கிலியில் கோக்க வளையம் பற்றவைத்து, பிறகு கழற்றியிருக்கிறார்கள். ராணியின் தலைக்கு நேர்மேலே விளிம்பின் கீறல்கள் ஒரு நெல்மணி அகலத்துக்கு அரத்தால் மழுங்கியிருக்கின்றன. பற்றாசு ஓடிய இடம் கொஞ்சம் வெளிறித் தெரியும். காசைச் சேகரிப்புக்கு வாங்கும்போது முகத்தைப் பார்ப்பதற்கு முன் விளிம்பை ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். வளையமும், அடைத்த துளையும் அங்கேதான் அகப்படும்.

சரி, உங்கள் சதத்துக்கு வருவோம். தயவுசெய்து புளி, பற்பசை எதுவும் போட்டுத் தேய்க்க வேண்டாம், உள்ளே என்ன நிறம் என்று பார்க்கக் கீறவும் வேண்டாம். முதலில் நிறுங்கள். பிறகு வெயிலில், முடியும் விளிம்பும் தெளிவாகத் தெரிய, சாய்த்து இரண்டு படம் எடுத்து நிறையோடு போடுங்கள், நானும் பார்த்துச் சொல்கிறேன். பூசியது என்று உறுதியானால் சேகரிப்பவர்கள் அதற்கு விலை தரமாட்டார்கள். நான் ஏமாந்து வாங்கிய சதம் இன்னும் என் அல்பத்தில் இருக்கிறது, புதிதாகச் சேர்க்கத் தொடங்கும் பிள்ளைகளுக்கு முதலில் அதைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.